அப்பாவின் எட்டுப்பட்டைத் தொலைநோக்கி: பிரித்ததும் பூட்டியதும்

ஆறு அங்குல ஆடி, எட்டுப் பட்டை மரக்குழாய், ஸ்கூட்டர் சக்கரத்தின் ஹப்பில் சுழலும் அடிப்பெட்டி. கோவையில் பம்ப்செட் ஃபவுண்டரி ஒன்றில் பேட்டர்ன் வேலை (வார்ப்புக்கு மர மாதிரி செய்வது) பார்த்த என் அப்பா 1985இல் செய்யத் தொடங்கிய தொலைநோக்கி இது. அவர் போன பிறகு அட்டாலியில் கிடந்தது. இறக்கிப் பார்த்தால் அடிப்பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஆடியின் ஒரு ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. குழாய் மட்டும் ஒரு பட்டைகூடப் பிளக்காமல் அப்படியே இருந்தது. அது ஆச்சரியமில்லை, மரத்தை ஒட்டுவதுதான் அவர் பிழைப்பு.

சரிசெய்ய ஆகும் காசுக்கு இதைவிட நல்ல தொலைநோக்கி இன்று பெட்டியில் வந்து இறங்கும் என்று தம்பி சொன்னான். உண்மைதான். ஆனால் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப்போட மனம் வரவில்லை. பிரித்த பிறகு தூக்கிப்போடுவது என்ற பேச்சே எழவில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஹாலி வால்நட்சத்திரம் 1986 பிப்ரவரி 9 அன்று சூரியனைச் சுற்றித் திரும்பியது. மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் தெற்கு வானத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அப்பா கண்ணாடி தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்து முடிப்பதற்குள் ஹாலி போயே போய்விட்டது. "பரவால்லீங்க, 2061ல மறுபடி வருது, அதுக்குள்ள முடிச்சிறலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஆடி தேய்ப்பது கேட்பதற்குத்தான் பெரிய வித்தை. ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடி. ஒன்றை மணல் நிரப்பிய டிரம்மின் மேல் பதித்து, நடுவில் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். மேலே இருப்பது தானாகக் குழியும், கீழே இருப்பது மேடாகும். பொடியை 80ஆம் நம்பரிலிருந்து படிப்படியாக நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீல் பூசிய தட்டின் மேல் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றுவார்கள். ஃபவுண்டரிக்காரருக்குக் கார்பரண்டம் கிடைப்பது பெரிய விஷயமில்லை. இந்த ஆடிக்கு விட்டம் 150 மி.மீ., குவியத்தூரம் 1200 மி.மீ. அதற்கு நடுவில் வேண்டிய குழி வெறும் 1.17 மி.மீ. ஒன்றரை ஏடிஎம் அட்டையின் தடிமன், அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை நடை.

அப்பா இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆடி பரவளைய வடிவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 150 மி.மீ. விட்டத்துக்கு 1200 மி.மீ. குவியத்தூரம் வைத்தால், வெறும் கோளக் குழிவாக விட்டாலே படம் ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். முதல் ஆடி செய்கிறவர்கள் இந்த அளவையே பிடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். குழாய் நாலடிக்கு நீளும், போகட்டும்.

சோதனை ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில் நடக்கும். ஒரு கோடியில் ஆடி, 2.4 மீட்டர் தள்ளி இன்னொரு கோடியில் டப்பாவுக்குள் பல்பு, டப்பாவில் ஊசித் துளை, பக்கத்தில் ஒரு சவர பிளேடு. ஆடியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைப் பிளேடால் மெல்ல வெட்டினால், கண்ணாடியின் மேடுபள்ளமெல்லாம் மலையும் பள்ளத்தாக்குமாக எழுந்து தெரியும். பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகுகூடத் தப்பாது. 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் மாற்று தேவைப்படவில்லை. ஆள் நடந்தால் உடம்புச் சூட்டில் காற்று கலங்கும் என்பதால் அந்த நேரத்தில் ஆசாரத்தைக் கடக்கக் கூடாது. ஆனால் "கண்ணாடிக்குள்ள மலை காட்டறேன்" என்று தெருவையே கூட்டி வைத்திருப்பவரும் அவர்தான். யார் அசையாமல் நிற்பார்கள்?

சரி, பிரித்த கதைக்கு வருகிறேன்.

குழாயின் முன்பக்கம் ஒரு முழ நீளம் தனிப் பெட்டி. ஆடியிலிருந்து வரும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சின்னக் கண்ணாடியும், கண் வைத்துப் பார்க்கும் லென்ஸும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. நான்கு காதுமரைகளைக் கழற்றி இழுத்தால் பெட்டி தனியாக வந்துவிட்டது. விளிம்பில் எட்டுப் பித்தளை முளைகள், எதிர் விளிம்பில் எட்டுக் குழிகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, பேட்டர்னில் போடும் டவல் (dowel) முளை. வார்ப்பு மண்ணிலிருந்து உருவ வசதியாக மரப் பேட்டர்னை இரண்டு பாதியாகச் செய்வார்கள். இரண்டும் முடியளவு பிசகாமல் சேர ஒன்றில் முளை, மற்றதில் குழி. தன் பட்டறையில் நாள் முழுக்கச் செய்ததையே இதிலும் வைத்திருக்கிறார். பெட்டியை ஒரு பட்டை திருப்பி எந்த நிலையில் சொருகினாலும் கச்சிதமாக உட்காரும்.

எதற்கு இப்படித் திருப்ப வேண்டும் என்று உடனே பிடிபடவில்லை. பெட்டியின் விளிம்பில் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் விளங்கியது. ஒரு பட்டையில் "பெரியவங்க". அதற்கு மேல் பட்டையில் "பாட்டி". இரண்டு பட்டை தள்ளி, கீழ்ச்சாய்வில் "பொடிசு". குழாய் சாய்ந்து நிற்கும்போது கீழ்ப்பட்டைக்குத் திருப்பினால் லென்ஸ் ஒரு சாண் இறங்கிவிடும், பிள்ளைகளுக்கு எட்டும். மேல்பட்டைக்கு வந்தால் கழுத்தை முறுக்காமல் குனிந்து பார்க்கலாம், முதுகு வலிக்காரர்களுக்கு அதுதான் வசதி. வான ஆய்வுக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால் கெடுதல், ஏனென்றால் பெட்டியைத் திருப்பும்போதெல்லாம் கண்ணாடிகளின் நேர்கோடு கலையும். அது கலையக் கூடாது என்றுதான் டவல்.

இந்த இடத்தில் யாராவது இதே மாதிரி வேலை செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. குழாயோடு அப்பாவின் மர ஸ்கேலும் இருந்தது. அதை எடுத்து அளக்கவில்லை, நல்லவேளையாக அம்மா சொல்லிவிட்டார். பேட்டர்ன்காரர்கள் வைத்திருப்பது சுருக்க ஸ்கேல். உருக்கிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், அதனால் அவர்கள் ஸ்கேலில் ஒரு அடி என்பது ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதல். அலுமினியத்துக்கு வேறு ஸ்கேல், இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆடி உட்காரும் தட்டை அப்பா அலுமினியத்தில் வார்த்திருந்தார். அடிப்பக்கத்தில் மண் அச்சின் சொரசொரப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று தாங்கு முனைகள் மட்டும் கடைந்து மழமழவென்று.

ஆடியைக் கழுவுவதுதான் பயமான வேலை. உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே கீறிவிடும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு விட்டு, ஆடியை முகம் மேலாக ஊற வைத்தேன். அப்புறம் குழாய்த் தண்ணீரைச் சன்னமாக ஓடவிட்டு, நனைந்த பஞ்சை அதன் எடையிலேயே இழுத்தேன். விரலால் அழுத்தவே கூடாது. கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரோடு நிறுத்தினால் உப்புப் புள்ளி விழும். பிறகு சுவரில் சாய்த்து வைத்தால் தானாக வடிந்துவிடும்.

தூசி போயிற்று, வெள்ளை போகவில்லை. பின்னால் டார்ச் அடித்தால் பூச்சில் ஊசித் துளைகள் நிறைய. பூச்சே அரித்துப்போயிருக்கிறது. புதுப் பூச்சுதான் வழி.

பழைய அலுமினியத்தை எடுக்க ஃபெரிக் குளோரைடு போதும். சர்க்யூட் போர்டு அரிப்பதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். கையுறை மாட்டிக்கொண்டு மாடியில் வைத்து ஊற்றினேன். பழுப்பு நீருக்கு அடியில் வெள்ளி நிறம் ஓரத்திலிருந்து கரைந்து பின்வாங்கியது. கொஞ்ச நேரத்தில் வெறும் கண்ணாடி. கண்ணாடியை இது ஒன்றும் செய்யாது. காஸ்டிக் சோடாவிலும் அலுமினியம் கரையும், ஆனால் அது மெருகைத் தின்னும், வேண்டாம். தரையில் சிந்திய கறை மட்டும் இன்றுவரை போகவில்லை.

1986இல் அப்பா முதலில் போட்டது வெள்ளிப் பூச்சு. வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, சர்க்கரை. கல்லூரி வேதியியல் கூடத்தில் வேலை பார்த்த நண்பர் கூடவே இருந்து செய்துகொடுத்தார். அந்தக் கரைசலை மிச்சம் வைத்தால் வெடிக்கும், அதனால் தெரிந்தவர் துணையில்லாமல் தொடக் கூடாது. வெள்ளி சில மாதங்களில் கறுத்துவிடும் என்பதால் பின்னால் அலுமினியத்துக்கு மாறினார். அலுமினியம் எங்கே போடுவது என்று விசாரிக்கத்தான் எங்களை ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனார். ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி, பஸ் மாறி, மலையேறி. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில்தான் திறக்கப்பட்டிருந்தது. அந்த வானாய்வகத்தை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். அதன் ஆடிக்குப் பூச்சுப் போட அங்கேயே பெரிய வெற்றிடக் கலம் இருக்கிறது. நம்முடையதைப்போல 240 மடங்கு வெளிச்சம் வாங்குகிற ஆடியின் முன் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வி: "இதுல கண்ணு வெச்சுப் பாக்க எடம் எங்கீங்க?" அப்படிப் பார்ப்பதற்கு அல்ல, கருவிகள் பதிவு செய்யத்தான் என்றார்கள். வரும் வழியெல்லாம் அவருக்கு அதே வருத்தம்.

நான் ஆடியைப் பெங்களூரில் ஒரு பூச்சுப் பட்டறைக்கு மடியில் வைத்துக்கொண்டு போனேன். கூரியரை நம்பவில்லை. இரும்புக் கலத்துக்குள் ஆடியைக் கவிழ்த்து மாட்டினார்கள். கீழே டங்ஸ்டன் சுருளில் அலுமினியக் கம்பித் துண்டுகளைக் கொக்கிபோல மாட்டினார்கள். காற்றை உறிஞ்சுவதற்குத்தான் நேரமெல்லாம். பூச்சு விழுவது சில நொடி. சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். சுருள் சிவந்து வெளுத்தது, அலுமினியம் உருகிக் கம்பியில் ஈரமாகப் பரவியது, அப்புறம் காணவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த சன்னலும் கண்ணாடியாக மாறி என் முகத்தைக் காட்டியது. பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு.

அடிப்பெட்டியைப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. 18 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கி, பழைய அளவிலேயே அறுத்தோம். எனக்கு உதவிய தச்சர், சுழலும் இடத்தில் சன்மைக்கா ஒட்டி மூன்று டெஃப்ளான் துண்டுகளின் மேல் உட்கார வைத்துவிடலாம், வழுவழுவென்று ஓடும், இந்த ஸ்கூட்டர் ஹப் எதற்கு என்றார். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் பிரபலமாக்கிய முறை அது. கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, மடத்திலிருந்து தெருவுக்கு உருட்டிக்கொண்டு போய்ப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியவர். அதற்காக அடிக்கடி மடத்தில் இல்லாமல் போனதால் 1967இல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அவரைப் பற்றி ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்ததும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதற்கு இன்னொரு கதை கிடைத்தது.

ஆனால் ஹப்பை நான் விடவில்லை. காரணம், அதைச் சுற்றி ஒரு பெல்ட் துண்டு இருந்தது, காதுமரை வைத்து இறுக்குகிற மாதிரி. பிரேக். முதலில் வேண்டாத சுமை என்றுதான் தோன்றும். தொலைநோக்கியில் பார்க்கத் தெரியாதவர்கள் முதலில் செய்வது என்ன? இரண்டு கையாலும் லென்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். வழுவழுவென்று ஓடுகிற அடிப்பெட்டியாக இருந்தால் சனி அந்த நொடியே காணாமல் போகும். அப்பாவின் பிரேக் சரியாக அதற்கானது. பிள்ளைகள் தொங்கினாலும் அசையாது, பக்கத்தில் நிற்கிறவர் தோளால் லேசாகத் தள்ளினால் நகரும். மோட்டார் இல்லாததால் அப்படி ஒருவர் நின்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பூமி சுற்றுகிறதே. அது அவர் வேலை. பேசிக்கொண்டே தள்ளுவார். பெல்ட் மட்டும் புதிது, பஞ்சாலை உதிரிக் கடையில் வாங்கினேன். மேல்கீழ் அசைவுக்கு மட்டும் தச்சர் சொன்னபடி டெஃப்ளான். துண்டைச் சின்னதாக வைக்க வேண்டும். அகலம் கூடினால் வழுக்குவதற்குப் பதில் இறுகும்.

குழாயின் உள்பக்கத்துக்குக் கரும்பலகை பெயிண்ட். எண்ணெய் பெயிண்ட் பளபளக்கும், கூடாது.

நேர்கோடு பிடிப்பதற்குப் பழைய ஃபிலிம் டப்பா ஒன்றே போதும். அடியை வெட்டிவிட்டு, மூடியின் நடுவில் சின்னத் துளை போட்டால், லென்ஸ் வைக்கும் ஒன்றேகால் அங்குலக் குழலில் பொருந்தும். பெரிய ஆடியின் நடுவில், பஞ்ச் ஓட்டை கிழியாமலிருக்க ஒட்டுகிற வளைய ஸ்டிக்கர். துளை வழியாகப் பார்த்து, முதலில் சின்னக் கண்ணாடியின் திருகுகளைத் திருப்பி அந்த வளையம் நடுவுக்கு வரும்படி செய்ய வேண்டும். அப்புறம் பெரிய ஆடியின் மூன்று காதுமரைகளைத் திருப்பி, சின்னக் கண்ணாடியின் நிழல் நடுவுக்கு வரும்படி செய்ய வேண்டும். முடிந்ததும் பெட்டியைக் கழற்றி ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிப் பார்த்தேன். எட்டில் ஆறு நிலைகளில் வளையம் அசையவே இல்லை. இரண்டில் மட்டும் கொஞ்சம் விலகியது, மரம் எங்கோ முறுக்கியிருக்கிறது. பித்தளைத் தகடு கிழித்து ஓரத்தில் வைத்ததும் சரியானது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆன ஒட்டு மரம் இது.

2025 டிசம்பரில் மொட்டை மாடியில் வைத்தோம். பழைய பைனாகுலரிலிருந்து அப்பா பிரித்தெடுத்த 25 மி.மீ. லென்ஸ், 48 மடங்கு. சனி கிடைத்தது. ஆனால் வளையம் ஒரு மெல்லிய கோடுதான். பக்கத்து வீட்டுப் பையன் முகம் சுருங்கிவிட்டது, "எங்கக்கா வளையம்?" என்றான். அந்த வருஷம் மார்ச்சில் வளையம் பூமிக்கு நேராகப் பக்கவாட்டில் திரும்பியது. டிசம்பரிலும் சரியாக விரிந்திருக்கவில்லை. சுமார் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும்.

அப்பாவின் நோட்டில் 1995 ஆகஸ்டிலும் இதே சமாச்சாரம். அவர் நோட்டு வான ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. காற்று எப்படி இருந்தது, எத்தனை மடங்கு என்று ஒன்றும் இருக்காது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அதுதான் இருக்கும். 1994 ஜூலையில் ஷூமேக்கர்–லெவி வால்நட்சத்திரத் துண்டுகள் வியாழனில் மோதிய வாரத்துக்கு "மேகம். மேகம். மேகம்." என்று வரிசையாக எழுதி, கடைசியில் "கரும்புள்ளி தெரிஞ்சுது, தபால்காரருக்குத்தான் முதல்ல" என்று முடித்திருக்கிறார். பால்காரர் சனியைப் பார்த்துவிட்டுக் குழாயின் முன்பக்கம் போய் எட்டிப்பார்த்து "ஸ்டிக்கர் ஒட்டீருக்கீங்களா?" என்று கேட்டது இருக்கிறது. 95 ஆகஸ்டில்: "வளையம் இல்லை. வந்தவங்க எல்லாருக்கும் ஏமாற்றம். போண்டா மிச்சமில்லை."

இதைப் படித்துக் காட்டினால் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவரு பாட்டுக்கு ஊரக் கூட்டீட்டு வந்துருவாரு கண்ணு, போண்டா சுட்டது யாருன்னு எழுதிருக்காரா பாரு" என்றார். எழுதவில்லை. நோட்டு முழுக்கத் தேடினேன், அம்மா பார்த்ததாக ஒரு பதிவு மட்டும் இருக்கிறது, 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். கோவை அதன் பாதையில் இருந்ததால் அன்று காலை ஒன்பதரை வாக்கில் சூரியன் வளையமானது. அன்றைக்கு யாரும் லென்ஸில் கண் வைக்கவே கூடாது என்பதால் ஆடியின் முன்னால் 50 மி.மீ. ஓட்டை போட்ட மூடி வைத்து, வெள்ளை அட்டையில் பிம்பத்தை விழவைத்திருந்தார். இந்த வேலைக்கு ஒட்டு லென்ஸ் உதவாது, சூட்டில் ஒட்டு விட்டுப்போகும், சாதாரண ஒற்றை லென்ஸ்கள்தான் சரி. அட்டையில் விழுந்ததால் எல்லாருமே ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அம்மாவும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களையெல்லாம் பார்க்கவிட்டுக் கடைசியில் பார்ப்பதைவிட இப்படித்தான் அம்மாவுக்குப் பிடித்தது. அம்மா சொன்னதைச் சொல்கிறேன், அப்பா என்ன நினைத்தாரோ.

அதனால் இந்த முறை முதலில் அம்மாதான். "பாட்டி" பட்டைக்குத் திருப்பிச் சொருகினேன். குனிந்து பார்த்துவிட்டு, கோடு தெரியுது, நட்சத்திரக் கூட்டம் எதையாவது காட்டு, இது ஒண்ணும் பிரமாதமில்லை என்றார். கார்த்திகைக்குத் திருப்பினேன். வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும், இதில் பார்வைக்குள் அடங்காத அளவு. அங்கிருந்து எழுந்திருக்க நேரமாயிற்று. அன்றைக்குப் போண்டா கடையில் வாங்கினோம்.

இன்னும் பாக்கி இருக்கிறது. லென்ஸை முன்பின் நகர்த்தும் குழல் ஆடுகிறது, உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். குறி பார்க்கும் சின்னக் குழாய் எங்கே போனதென்று தெரியவில்லை. தம்பி வீட்டு அட்டாலியில் இருக்கலாம். 10 மி.மீ. லென்ஸ் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், 120 மடங்கு வரும். வந்தால் வியாழனின் பட்டைகள் நன்றாகப் பிரியும். பெல்ட் பிரேக்குக்கு ஒரு காதுமரை மரை கழன்றுவிட்டது, அதைப் பொங்கல் லீவில் பார்க்க வேண்டும்.